முப்பது சூடை மீனும் மூன்று தெரிவுகளும்

"கடலுக்குப் போறவன்ரை பிள்ளை வானத்துக்குப் போய் என்னத்தைப் பிடிக்கப் போகுது?"

சம்மாட்டி அந்தோனிப்பிள்ளை இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாள். அவர் மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர். குருநகர் மீன்சந்தையில், அம்மா மீன் விற்கும் இடத்துக்கு முன்னால் நின்றுதான் கேட்டார். என் மகள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாள் என்று அன்று காலையே அம்மா பாதிச் சந்தைக்குச் சொல்லி முடித்திருந்தார். மீதிப் பாதிக்கு இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த பாரை மீனின் செவுளைத் திறந்து யாருக்கோ காட்டியபடியே, "என்னத்தையாவது பிடிக்கட்டும் சம்மாட்டியார். பிடிச்சால் உங்களிட்டை ஏலம் கூறி விக்கத் தரமாட்டம்" என்றார்.

இப்போது நான் தீவுகளைப் பிடிக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டுத் தீவு. மாலைதீவில் ஐம்பது பேர் ஏறும் ஒரு புரொப்பெல்லர் விமானத்தில் நான் துணைவிமானி. அங்கே ஓடுபாதை கடலில் தொடங்கிக் கடலில் முடியும். நடுவே இருக்கிற மண்ணில் சக்கரத்தை வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பயணிகள் யாரும் கைதட்டுவதில்லை, வியப்பதுமில்லை. ஊரில் தட்டிவான் பஸ் ஓட்டுகிறவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு, கேக் பெட்டிகளையும் தண்ணீர்ப் பம்பிகளையும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். முதல் ஆண்டு எனக்கு இது பெரிய ஏமாற்றம். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள், சீருடையில் நான்கு விரற்கடை கூடுதலாக நிமிர்ந்து நிற்கிறாள், ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை! ஒருநாள் வயதான ஒருவர் மட்டும் படிக்கட்டில் நின்றார். என் கையில் ஒரு பொதியை வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். புகையில் காய்ந்த மாசிக் கருவாடு. எங்கள் வீட்டுச் சம்பலுக்குள் காலம் காலமாக இடிபடுகிற அதே மாசி. அது எந்த ஊரில் இருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

மாலைதீவில் நாங்கள் குடியிருக்கும் ஹுல்ஹுமாலேயில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி அய்ஷத். குடிபோன அன்றே, "உனது தீவு எது?" என்று கேட்டாள். அங்கே இது பெயர் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி. யாழ்ப்பாணம் என்றேன். "பெரிய தீவா?" தீவில்லை, குடாநாடு, ஒரு பக்கத்தால் நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்று கையால் படம் போட்டுக் காட்டினேன். அவள் கையையே நெடுநேரம் பார்த்தாள். "அப்படியென்றால் கடவுள் முடிக்காமல் விட்ட தீவு" என்றாள் ஆறுதலாக. எனக்கு ஏதோ குறை இருப்பதாக நினைத்தாளோ என்னவோ, அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ரோஷி ரொட்டி அனுப்புகிறாள்.

என் கணவர் நிரோஷன் கொக்குவில்காரர். ஹுல்ஹுமாலேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாத சைவ வீட்டுப் பிள்ளை, குருநகர் மீன்காரி மகளைக் கட்டியது தனிக் கதை. அதில் அழுதவர்கள் எல்லாரும் எங்கள் மகள் அமலி பிறந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டார்கள், ஆகவே அதை விடுகிறேன். அமலிக்கு மூன்றரை வயது.

சென்ற வாரம் கோயில் பெருநாளுக்காக அமலியோடு ஊருக்கு வந்தேன். நிரோஷனுக்குப் பள்ளி விடுமுறை இல்லை. கொழும்பில் இறங்கி, ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, ஓட்டோவில் வீட்டு வாசலில் கால் வைத்த கணத்தில் தொலைபேசியில் கம்பனியின் கடிதம் வந்தது. கம்பனி ஜெற் விமானங்கள் வாங்குகிறது, ஆட்களை இடம் மாற்றுகிறது. மூத்த துணைவிமானிகளுக்கு மூன்று தெரிவுகள். ஞாயிறு நண்பகலுக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது: பெரிய ஜெற்றுக்கு மாறுவது. துணைவிமானியாகவே, ஆனால் தூர நாடுகளுக்கு. போனால் மூன்று நான்கு நாள் வீடு இல்லை. இரண்டாவது: இப்போது ஓட்டும் விமானத்திலேயே கப்டன் ஆவது. ஆனால் தெற்கே, பூமத்திய ரேகைக்கும் கீழே இருக்கும் கான் தீவில், இரண்டு ஆண்டுகள். மூன்றாவது: இருந்த இடத்திலேயே, இருந்தபடியே துணைவிமானியாக இருப்பது. தினமும் வீடு. ஆனால் கப்டன் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

கப்டன் இருப்பது இடது இருக்கை. ஏழு ஆண்டுகளாக நான் வலது இருக்கையில் இருந்து அதைப் பக்கவாட்டில் பார்த்து வருகிறேன். எனக்கு அது வேண்டும். மழுப்பி எழுத எனக்கு வரவில்லை. வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதை வாசிக்கும், புலம்பெயர்ந்த உங்களில் பலருக்கு இது புரியும்: முதலில் எனக்கு வந்தது கவலை இல்லை, ஒரு தலைகால் தெரியாத சந்தோசம். தெரிவு என்பதே எங்கள் வீட்டுக்குப் புதிய சாமான். அப்பாவுக்கு இருந்தது கடலுக்குப் போவது, அல்லது காற்றுப் பலமென்றால் போகாமல் விடுவது. அவர் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனது அதிபர் வீட்டுக்கு மீன் கொடுக்கத்தான். இடம்பெயர்ந்த காலத்தில் எங்கே போவது என்றுகூட அவர்கள் தெரிவு செய்யவில்லை. சனம் போன பக்கம் போனார்கள். அவர்களுடைய மகளுக்கு ஒரு கம்பனி மூன்று தெரிவுகளைத் தட்டில் வைத்து நீட்டுகிறது! பெருநாள் கொடிமரத்தடியில் நின்றுகொண்டு நான் காரணமில்லாமல் சிரித்தேன். பக்கத்து வீட்டு மேரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி சிரிக்கிறாய்? பிளேனிலை சாப்பாடு குடுக்கிற வேலையிலை சம்பளம் கூட்டிப்போட்டாங்களோ?"

"சாப்பாடு குடுக்கிறேல்லை அக்கா. ஓட்டுறன்."

"ஓட்டுறதெண்டால், ஆர் முன்னுக்கு இருக்கிறது?"

"நான்தான்."

"அப்ப ஆம்பிளை எங்கை இருக்கிறவர்?"

"இடப்பக்கம்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது சுருக்கென்றது.

நிரோஷன் கணித ஆசிரியர். எதையும் எக்செல்லில் போடாமல் அவருக்கு நித்திரை வராது. மூன்று தெரிவுக்கும் மூன்று அட்டவணை செய்து அனுப்பினார். பறக்கும் நாள் சிவப்பு, வீட்டு நாள் பச்சை. மூன்றாவது அட்டவணை பச்சைப் பசேலென்று வயல்போல் இருந்தது. அவர் நிறத்தை மட்டும்தான் போட்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து வியாழக்கிழமையே நான் மனத்துக்குள் மூன்றாவதில் குறி போட்டுவிட்டேன். நல்ல தாய்க்கு அதுதான் அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு ஒரு முழு றோல் பனங்கட்டி பிஸ்கட்டைத் தனியாகச் சாப்பிட்டேன்.

வெள்ளி காலை அப்பா கடலால் வந்து, கறிக்கென்று வைத்திருந்த சூடை மீனைக் கிணற்றடியில் ஒரு சாக்கை விரித்துக் கொட்டினார். நான் லாப்டொப்பை அம்மிக்கல்லின் மேல் வைத்து நிரோஷனோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மாலைதீவில் வெள்ளி பள்ளிக்கூடம் இல்லை.

"ரெண்டு பேரும் மூண்டு நாளாய் உதுக்கை என்னத்தைப் பாக்கிறியள்?" என்றார் அப்பா. "உந்தப் பெட்டி பெட்டியாய்க் கிடக்கிறது என்ன?"

"நாள் அப்பா. ஒரு பெட்டி ஒரு நாள். நான் வேலைக்குப் போற நாள், வீட்டிலை நிக்கிற நாள்."

"நாளைப் பங்கு போடுறதுக்கு உவ்வளவு பாடோ? இஞ்சாலை விடு." குந்தியிருந்து முப்பது சூடையை எண்ணி எடுத்து வரிசையாக அடுக்கினார். "மாசத்துக்கு முப்பது. சரியோ தம்பி?"

"ஃபெப்ரவரிக்கு இருபத்தெட்டு, மாமா" என்றார் நிரோஷன் திரையில் இருந்து.

"அது வரேக்கை ரெண்டைக் கறியிலை போடுவம். முதலாவது வேலை என்ன பிள்ளை?"

"பெரிய பிளேன். போனால் நாலு நாளுக்கு வராது."

"பலநாள் கலம்" என்றார் உடனே. நாள்கணக்காகக் கடலில் தங்கும் பெரிய படகுக்கு அதுதான் பெயர். என் ஏழு ஆண்டு அனுபவத்தில் அந்த வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. பதினைந்து மீனைக் கடலுக்கென்று ஒதுக்கினார். மீதியைப் பிரிக்கும் முன் ஆறு மீனைத் தனியே எடுத்து வைத்தார்.

"உது ஆருக்கு?"

"வள்ளத்துக்கு. முதல் பங்கு வள்ளத்துக்குத்தானே. ஓட்டை அடைக்க, பெயின்ற் அடிக்க."

"இதிலை வள்ளம் ஆரப்பா?"

"நீதானடி. நித்திரையில்லாமல் வந்து விழுவாய், அதுக்கு நாள் வேண்டாமோ?"

நிரோஷன் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. அவருடைய மூன்று அட்டவணையிலும், என்னுடைய எந்த யோசனையிலும், நான் நித்திரை கொள்வதற்கு ஒரு பெட்டி இருக்கவில்லை என்பது உண்மை. இதற்குள் அமலி வந்து குந்திக்கொண்டு மீன்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டாள். இது அம்மா, இது நான், இந்தப் பெரிசு அப்பா. மதிலில் காத்திருந்த பூனை அந்த நேரத்தைத்தான் தெரிவு செய்தது.

"ஐயோ! அப்பாவைப் பூனை கொண்டுபோயிட்டுது!"

"நான் இஞ்சை இருக்கிறன் மகள்!" என்று கத்தினார் நிரோஷன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்னை மீனாக்கிப்போட்டியள் மாமா. சரி, மிச்சத்திலை என்ரை குவியல் எது?"

அப்பா குவியல்களைப் பார்த்தார். கடல், வள்ளம், மிச்சமெல்லாம் பிள்ளை. தலையைச் சொறிந்தார். "தம்பி, குறை நினைக்கக்கூடாது. பங்கெண்டால் வள்ளத்துக்கு, வலைக்கு, போன ஆக்களுக்கு. கரையிலை நிக்கிற ஆளுக்குப் பங்கில்லை."

நிரோஷன் கமராவை நேராக்குவதுபோல் எதையோ செய்தார். மீன்பிடித் தொழிலில் அப்பா சொன்னது பிழையே இல்லாத நியாயம். ஆனால் அந்தக் குவியல்கள் மூன்றையும் பார்த்தபோதுதான், நானும் நிரோஷனை இதுவரை அப்படித்தான் கணக்கில் வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு எத்தனை நாள், பிள்ளைக்கு எத்தனை நாள் என்றுதான் யோசித்தேன். அவர் கரையில் நிற்கிறவர். நிற்பார்.

குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா துருவலை நிறுத்தினார்.

"அப்ப முப்பத்தைஞ்சு வருசம் நான் கரையிலை நிண்டதுக்கு என்ன பங்கு?"

"இஞ்சேரப்பா, உனக்கென்ன குறை? என்ரை முழுப் பங்கையும் உன்ரை கையிலைதானே தந்தனான்."

"தந்தது மீன். நாள் தந்தனீங்களோ?"

அப்பா ஒரு சூடையை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"உவள் பிறந்து மூண்டாம் நாள் வந்து நிண்டீங்கள், ரெண்டு நண்டைத் தூக்கிக்கொண்டு. பிள்ளைபெத்தவளுக்கு நண்டு!"

"நல்ல நண்டு" என்றார் அப்பா தணிந்த குரலில்.

"ஓம், நல்ல நண்டுதான். மேரிதான் திண்டவள்." அம்மா எழும்பி வந்தார். சாக்கின் நான்கு மூலையையும் ஒன்றாகப் பிடித்துத் தூக்கினார். கடல், வள்ளம், பிள்ளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன. "வெயிலிலை வைச்சு நாறப்பண்ணாமல் தாருங்கோ. கறியாக்கித் தாறன், பிறகு பங்கு போடுங்கோ."

அந்த மாதத்தை, பூனை கொண்டுபோன ஒரு நாள் போக, நாங்கள் மத்தியானம் புட்டோடு சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு நிரோஷனைத் திரும்ப அழைத்தேன். நான் என்ன எடுக்கட்டும் என்று மூன்று நாளாகக் கேட்டிருக்கிறேன். அன்றுதான், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை கணிதப் பகுதிக்குப் பொறுப்பாய் இருக்கச் சொல்லிக் கேட்டவை. வாற தவணையிலையிருந்து. இந்த வருசம் முடியுமட்டும் நான் இஞ்சையிருந்து அசைய ஏலாது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் வள்ளமெல்லோ. கரையிலை நிக்கிற ஆள் என்னத்தைக் கதைக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்படியென்றால் மூன்றாவதை எடுக்கிறேன், எல்லாரும் ஒரே இடத்தில் இருப்போம் என்றேன். நான் எதிர்பார்த்தது ஒரு நன்றி.

"வேண்டாம்" என்றார். "மூண்டாவதை எடுத்தீர் எண்டால், பத்து வருசத்துக்குப் பிறகு ஒருநாள் கறிக்கு உப்புக் கூடினாலும் அந்த இடது சீற்றைத் தூக்கி என்ரை தலையிலைதான் போடுவீர். எனக்கு அந்தப் பயம் வேண்டாம். ரெண்டாவதை எடும். கான் ஒரு மணித்தியாலப் பறப்புத்தானே. வியாழன் பள்ளிக்கூடம் விட்டு நான் வாறன், சனி பின்னேரம் திரும்புறன். வருசம் முடிய அங்கையே மாறி வாறன்."

"பின்னை அந்தப் பச்சை வயல்?"

"அது நீர் பாக்கட்டும் எண்டு போட்ட பச்சையில்லை. நான் எனக்குப் பாத்த பச்சை. பாத்திட்டன், காணும்."

என்னோடு கானுக்கு வந்தால், வாரத்தில் ஐந்து நாள் அமலி அப்பாவைத் திரையில்தான் பார்ப்பாள். அது இருவருக்கும் தெரிந்தது. நான் பறக்கும் நேரத்தில் அவளை யார் பார்ப்பது என்ற கேள்வியும் நடுவில் கிடந்தது. அதற்குப் பதில் குசினிக்குள் இருந்து வந்தது.

"நான் வாறன்."

"எங்கை அம்மா?"

"உந்தக் கடைசித் தீவுக்குத்தான். வருசம் முடிய மருமோன் வந்திடுவார்தானே. அதுமட்டும் நான் நிக்கிறன்."

அப்பா வெற்றிலையை மடித்த கையோடு நின்றார். "அப்ப நான்?"

"நீங்கள் கொஞ்சம் கரையிலை நிண்டு பாருங்கோ."

"சோறு?"

"பானை அந்த மூலையிலை இருக்கு. முப்பத்தைஞ்சு வருசமாய் அங்கைதான் இருக்கு."

திரையில் நிரோஷன் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா குசினிக்குள் போனார். பானையைத் தேடும் சத்தம் கேட்டது. சட்டி விழுந்தது, மூடி உருண்டது. பிறகு, "இஞ்சேரப்பா, எந்த மூலை?" என்ற குரல் வந்தது. அதற்குமேல் எங்களால் அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தார். சந்தையில் கடைசி மீனையும் விற்ற நாளில் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு.

நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள், குடும்பத்தை மூன்றாகப் பிய்த்துக்கொண்டு இதென்ன முன்னேற்றம் என்று கேட்கலாம். வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்கள் கேட்கமாட்டார்கள். உங்களில் பாதிப்பேர் பாரிசிலும், மற்றப் பாதிப்பேரின் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஒரே கலியாணவீட்டை நடத்துகிறவர்கள். நாங்கள் எப்போதும் பங்கு போட்டே வாழ்ந்தவர்கள். இந்த முறை கரையில் நிற்கிறவர்களையும் கேட்டுவிட்டுப் போட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம். அமலியின் ஐந்து நாள் மட்டும் எந்தக் குவியலிலும் சரியாகப் பொருந்தாமல் இன்னும் என் கையில் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

சனி காலை ஒன்பதரைக்கு இரண்டாவது தெரிவில் குறியிட்டு அனுப்பினேன். பத்து மணிக்குப் பதில் வந்தது. அடுத்த மாதம் முதல் வாரம் பயிற்சி. வீட்டு முற்றத்தில் நின்று நான் போட்ட கூச்சலில் மேரியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, சம்பளம் கூட்டிப்போட்டாங்களோ?" என்றார். ஓம் அக்கா என்றேன். விளக்கப் பொறுமை இல்லை.

பின்னேரம் பட்டினத்துக்குப் போய், விமானியறையின் படத்தை ஒரு அச்சுக்கடையில் ஆளுயரத்துக்கு அடித்து வாங்கி வந்து, விறாந்தைச் சுவரில் ஒட்டினேன். பயிற்சிக்கு முன்னால் கைகளுக்குப் பாடம் வர வேண்டும். வலது இருக்கையில் இருப்பவரின் இடது கைதான் இயந்திர வலுவைக் கூட்டிக் குறைக்கும், வலது கை சுக்கானைப் பிடிக்கும். இடது இருக்கைக்கு மாறினால் இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்க்கிறேன். வலது கை புதிய இடத்துக்கு மெல்ல வந்து சேர்கிறது. இடது கை இன்னும் பழைய இடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை நான் அவசரப்படுத்தவில்லை. கதிரையை மட்டும் இன்று விடியற்காலையிலேயே படத்தின் இடப்பக்கத்துக்கு நகர்த்திப் போட்டுவிட்டேன்.